அவன் பெயரில் தூக்கிய மூட்டை

ரங்கூன், 1926 ஆவணி

தைலம்மை,

உட்கார்ந்துகொண்டு படி. உன் அம்மாவிடம் உடனே சொல்லிவிடாதே.

உன் தம்பி வைரக்கண்ணுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல் இருந்தது. அவன் மூட்டை தூக்கும் போட்டாதாங் கப்பல்துறையில் வேலைக்கு வராதவன் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் கம்பெனி ஆஸ்பத்திரியும் போய்விடும். நான் வேலை செய்யும் அரிசி ஆலை மழைக்கு மூடித்தானே கிடக்கிறது? இங்கே எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அவனுடைய பெயர் வெட்டிய தகர வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவன் பெயரில் மூட்டை தூக்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவனுக்கு மூச்சுத் திணறியிருக்கிறது. பக்கத்து அறை சபாபதி அண்ணன் ரிக்‌ஷாவில் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிக் குமாஸ்தா துறைக்கு ஆள் அனுப்பி விசாரித்தாராம். "வைரக்கண்ணு அங்க நல்லா மூட்டை தூக்கிக்கிட்டிருக்கான். இவன் யாரு?" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்.

விசாரிக்க வந்தவன் என்னைத்தான் பார்த்துவிட்டுப் போனான். எதற்கென்று தெரியாமல் கையைத் தூக்கிக் காட்டினேன், தைலம்மை. சிரிக்கக்கூடச் செய்தேன்.

கொள்ளி வைப்பது வரை செய்ய வேண்டியதையெல்லாம் நானே செய்துவிட்டேன். அவன் வேட்டியும் சீப்பும் அடுத்த கப்பலில் வரும்.

இன்று காலை கால் தானாகத் துறைக்குப் போனது. மேஸ்திரி, "வைரக்கண்ணு!" என்று கூப்பிட்டார்.

"இருக்கேன்" என்றேன்.

உன் வீட்டுக்காரன்