காரணம் எழுதாத சிவப்பு அட்டை

அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தானுக்கு,

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணி. ஜூன் மாதம் என்றபடியால் வெளியே நன்றாக விடிந்துவிட்டது. எஞ்சின் கொட்டகைக்குள், நீங்கள் சப்பாத்து மாற்றுகிற அந்த வாங்குப் பலகையில் இருந்துதான் எழுதுகிறேன். எஞ்சின் ஓட்டுகிற பிரெபன் நெருப்பு மூட்ட வர இன்னும் முக்கால் மணித்தியாலம் இருக்கிறது. அவர் வந்தபிறகு என்ன நடக்கும் என்று தெரியாது, அதனால் அதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். அக்காவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, ஆனால் நேற்று முழுக்க நின்றபடியே ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுற்றினா. உங்கள் மகள் மிதுலா இஷொயிலிருந்து தன் பிள்ளை மாயாவோடு வந்து நிற்கிறாள். மாயாவுக்கு ஐந்து வயதாகிவிட்டது, அத்தான். தாத்தாவின் ரயிலில் விசில் அடிக்கப்போறன் என்று பாலர் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாளாம். இன்று உங்கள் நினைவு ரயில் ஓட்டம். விபோர்க்கிலிருந்து மட்டும் நாலு கார் சனம் வருகிறது. எஞ்சினின் முன்னால் உங்கள் படத்தைப் பொருத்தியிருக்கிறோம், அந்தக் கலியாணவீட்டுப் படம்தான். உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். வேறு படத்தில் நீங்கள் சிரித்தால்தானே.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். நீங்கள் டென்மார்க்கில், கிரின்ஸ்டெட் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஆயுள் முழுக்க இரும்பு ஒட்டுகிற வெல்டிங் வேலை செய்தவர். ஓய்வு எடுத்ததும் சும்மா இருக்க முடியாமல், பழைய நீராவி ரயிலைத் திருத்தி ஓட்டுகிற இந்தத் தொண்டர்களோடு சேர்ந்தீர்கள். கொதிகலன் முழுவதும் உங்கள் பொறுப்பாகிவிட்டது. நான் உங்கள் மனைவியின் தம்பி, அதே ஊரில் இன்னொரு தொழிற்சாலையில் வர்ணம் பூசுகிறவன். என்னையும் இழுத்து வந்து ரயிலின் மரப்பெட்டிகளுக்குப் பச்சை வர்ணம் அடிக்கவிட்டீர்கள். இரண்டு வருடம் பெட்டிகளைத் தவிர வேறெதையும் நான் தொட்டதில்லை.

கொட்டகையில் ஒரு வழக்கம் இருக்கிறது. எஞ்சினில் யாராவது கை வைத்து வேலை செய்தால், அல்லது எதிலாவது சந்தேகம் வந்தால், ஒரு சிவப்பு அட்டையில் பெயரையும் காரணத்தையும் எழுதி, நீராவி திறக்கிற கைப்பிடியில் தொங்கவிட வேண்டும். அட்டை தொங்கும்வரை நெருப்பு மூட்டக்கூடாது. தொங்கவிட்டவர்தான் அதைக் கழற்றவும் வேண்டும். தலைவர் என்றாலும் கழற்ற முடியாது. வந்த புதிதில் இதைப் பார்த்து நான் சிரித்தேன். டென்மார்க்காரருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு அட்டை வேண்டும் என்று பகிடியும் பண்ணினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

போன தை மாதம் நீங்கள் யாழ்ப்பாணம் போயிருந்தீர்கள், குளிருக்கு எஞ்சினும் நெருப்பில்லாமல், அட்டையில்லாமல் நின்றது. திரும்பி வரும்போது உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, ஓட்டுநர் நிற்கிற எஞ்சின் கூண்டுக்குள் தெரிகிற கொதிகலன் தகட்டைச் சுரண்டி, துடைத்து, கறுப்பு அடித்தேன். பெட்டியில் வேலை செய்தவனுக்கு எஞ்சினில் வேலை செய்யக் கிடைத்த முதல் சந்தர்ப்பம். மூன்று வாரம் சனி, ஞாயிறு முழுக்க அங்கேதான் கிடந்தேன். தகட்டில் வரிசை வரிசையாக ஆணித் தலைகள். ஒவ்வொன்றின் நடுவிலும் கூட்டுகிற தும்புத்தடியின் ஒரு தும்பு மட்டும் போகிற அளவில் ஒரு துளை. ஒரு ஆணியைச் சுற்றிச் சோக் கட்டியால் வட்டம் போட்டிருந்தது, அதற்குக் கீழே வெள்ளையாக ஒரு கறை வழிந்திருந்தது.

என்னுடைய தொழிலில் ஒரு சின்னத் துளை விட்டாலும் மேற்பார்வையாளர் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப் பழகின கை இது. சோக்கை அழித்தேன், கறையைச் சுரண்டினேன். சூடு தாங்கும் பட்டி வாங்கி, ஒவ்வொரு துளையையும் கத்தி நுனியால் நிரப்பி, காயவிட்டு, உரசி, அதற்குமேல் மூன்று பூச்சு. முடித்துவிட்டுப் பார்த்தபோது முகம் பார்க்கலாம் போல இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

நீங்கள் வந்த சனிக்கிழமை எல்லாரும் கூண்டைச் சுற்றி நின்று என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். பிரெபன், இந்த எஞ்சின் செய்து வந்த நாளில்கூட இப்படி இருந்திருக்காது என்றார். நீங்கள் ஏறி, குனிந்து, விரலால் தகட்டைத் தடவினீர்கள். மெல்ல, வரிசை வரிசையாக.

“வடிவாய்க் கிடக்குது மச்சான். எத்தினை பூச்சு?”

“மூண்டு.”

“அடியிலை பட்டி வைச்சனியோ?”

“ஓம் அத்தான். ஒரு துளை மிச்சம் விடேல்லை.”

உங்கள் விரல் அப்படியே நின்றது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் விளங்கவில்லை. என்னைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். “பிறகு கதைப்பம்” என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள். அலுமாரியிலிருந்து ஒரு சிவப்பு அட்டை எடுத்து, பெயரை மட்டும் எழுதி, கைப்பிடியில் தொங்கவிட்டீர்கள். காரணம் எழுதுகிற இடத்தை வெறுமையாக விட்டீர்கள்.

அந்தப் ‘பிறகு’ வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள்.

செத்தவீடு, எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் காரியம் எல்லாம் முடிந்து நான் கொட்டகைக்குப் போனால், உங்கள் அட்டை அப்படியே தொங்குகிறது. ஒருவரும் தொடவில்லை. தொங்கவிட்டவர் வரவே முடியாதென்றால் என்ன செய்வது என்று அவர்களுடைய விதியில் இல்லை. கடைசியில் குடும்பத்து ஆளே கழற்றட்டும் என்று முடிவாகி, என்னைக் கேட்டார்கள். கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கோப்பியும் வீனர்பிரோ என்கிற இனிப்புப் பணிசும் வைத்தார்கள். பிரெபன் எழும்பி உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார்.

கழற்றுவதற்கு முன் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இதை அவர் ஏன் தொங்கவிட்டார் என்று உங்களுக்குத் தெரியுமா?” எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும், அத்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால், உங்களுடைய ஆளாக நின்றுகொண்டு, உங்களைப் பற்றித் தெரியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பழக்கத்தில் போட்டிருப்பார் என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். கொள்ளி வைத்த கையாலேயே அந்த அட்டையையும் கழற்றினேன். அக்கா அதை வாங்கிச் சாமியறையில் உங்கள் படத்துச் சந்தன மாலையோடு சேர்த்துத் தொங்கவிட்டா.

நேற்றுச் சனிக்கிழமை, இன்றைய ஓட்டத்துக்காக எஞ்சினைச் சூடாக்க நெருப்புப் போட்டார்கள். பாதி அழுத்தம்வரை ஏற்றிவிட்டு இறக்கினார்கள். நான் பக்கத்துத் தண்டவாளத்தில், கழற்றிப் போட்டிருக்கிற மற்ற எஞ்சினுக்கு அருகே நின்றேன். பார்க்க வந்த ஒரு குடும்பத்துக்குப் பிரெபன் அதைக் காட்டிக்கொண்டிருந்தார். அதிலும் அதே வரிசை ஆணிகள், அதே துளைகள். அந்தக் குடும்பத்து அம்மா, துளை எதற்கு என்று கேட்டா. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

“இந்த ஆணிகள்தான் நெருப்பு எரிகிற உட்பெட்டியையும் வெளித்தகட்டையும் சேர்த்துப் பிடிக்கின்றன. நடுவில் தண்ணீர். உள்ளே ஒரு ஆணி முறிந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. இந்தத் துளையால் தண்ணீர் கசிந்தால்தான் தெரியும்” என்றார் பிரெபன். பிறகு என் தோளில் கை போட்டார். “இவருடைய அத்தான் காலையில் கோப்பி குடிக்க முதல் ஒவ்வொரு துளையாகப் பார்ப்பார். பாருங்கள், அவர் விட்டுப்போன எஞ்சினில் இன்றைக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை.”

அந்தத் துளைகளைத்தான் நான் அடைத்திருந்தேன். பிரெபன் ஓட்டுநர், கொதிகலன் அவருடைய பகுதியில்லை. அவர் என் பூச்சைப் பார்த்தார், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. கொதிகலன் பரிசோதகர் தண்ணீர் அழுத்தம் பார்த்தது செப்டெம்பரில். அந்த வெள்ளைக் கறை வந்தது அதற்குப் பிறகாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அப்போதே சொல்லியிருப்பீர்கள். ஒன்று முறிந்தால் பக்கத்து ஆணிகள் அதன் பாரத்தையும் தாங்கும், அவையும் முறிந்தால் தகடு கூண்டுப் பக்கமாகத்தான் பிளக்கும் என்று எப்போதோ ஒருமுறை சொன்னீர்கள். நான் பெட்டிக்கு வர்ணம் அடித்துக்கொண்டு அரைக் காதில் கேட்டேன்.

விசில் கயிறு அந்தத் தகட்டுக்கு நேர் முன்னால் தொங்குகிறது. மாயா அந்த இடத்தில்தான் நிற்கப்போகிறாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பிரெபன் என் தோளில் கை போட்டபடி நின்றார், நானும் சிரித்தபடி நின்றேன். பின்னேரம் இரண்டு தரம் அவருடைய நம்பரை அழுத்தி இரண்டு தரமும் வெட்டினேன். சொன்னால் அவர் என்னைத் தேற்றுவார் என்று தெரியும். அழுத்தம் தாங்கினது தானே, துக்கத்தில் யோசிக்கிறாய், போய்ப் படு என்பார். நானும் போய்ப் படுத்திருப்பேன். அதுதான் எனக்குப் பயம். உண்மையைச் சொன்னால், வெட்கமும். உங்கள் நினைவு ஓட்டத்தை நிறுத்துகிறவன் நானாக இருக்க வேண்டுமா என்று ஒரு மணித்தியாலம் காருக்குள்ளேயே இருந்தேன்.

பிறகு அக்காவிடம் போய், அந்த அட்டையைத் தா என்று கேட்டேன். அது இப்ப ஏன் என்றா. எல்லாவற்றையும் சொன்னேன். மாவுக் கையோடு கதிரையில் இருந்துவிட்டா.

“அண்டைக்கு அவர் சரியாச் சாப்பிடேல்லை” என்றா. “நேசன் பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைச்சுப் பூசியிருக்கிறான், அவனிட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டு என்னைக் கேட்டவர். நான் என்னவோ எண்டு விட்டிட்டன்.”

எழும்பிப் போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, உங்கள் படத்திலிருந்து அட்டையை எடுத்து என் கையில் வைத்தா. “அவருக்குச் சொல்ல மனம் வரேல்லை. நீயும் அப்பிடி விட்டிடாதை” என்றா.

ஏன் அத்தான் எழுதாமல் விட்டீர்கள்? எழுதினால் எல்லாரும் வாசிப்பார்கள், என் தலை குனியும் என்றா? என் முகம் வாடக்கூடாது என்று அந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டே ஞாயிறு, திங்கள் முழுக்க நடந்தீர்களா? செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கோப்பையைக் கையில் எடுக்கும்போதும் அதைத்தான் யோசித்தீர்களா? நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம். கொட்டகை நடுவில் வைத்துத் திட்டியிருக்கலாம். நான் கோபித்துக்கொண்டு இரண்டு கிழமை வராமல் இருந்திருப்பேன், பிறகு ரோல்ஸ் சாப்பிட வந்திருப்பேன்.

வந்தவுடன் கூண்டில் ஏறித் தகட்டில் கை வைத்துப் பார்த்தேன். நேற்றைய சூடு இன்னும் இருக்கிறது. உள்ளே எங்கேயோ இரும்பு ஆறுகிற சத்தம், நின்று நின்று கேட்கிறது. தகடு நன்றாகக் காய்ந்து கிடக்கிறது. எந்த ஆணியில் சோக் வட்டம் இருந்தது என்று தேடினேன். மூன்றாம் வரிசையா, நாலாம் வரிசையா? எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே மினுக்கம். அவ்வளவு நன்றாகப் பூசியிருக்கிறேன்.

உங்கள் அட்டையை அதே கைப்பிடியில் மறுபடி தொங்கவிட்டேன். வெறுமையாக இருந்த இடத்தில் டெனிஷ் மொழியில், பிரெபன் கண்ணாடி இல்லாமலும் வாசிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதினேன்: ஆணித் துளைகளை நான் அடைத்துவிட்டேன். ஒரு ஆணி ஏற்கனவே கசிந்தது, எது என்று தெரியவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு அட்டையில் என் பெயரையும் எழுதித் தொங்கவிட்டேன்.

இப்போது பிரெபனின் கார் சரளைக் கல்லில் ஏறுகிற சத்தம் கேட்கிறது. விபோர்க்கில் சனம் எழும்பிக் குளித்துக்கொண்டிருக்கும். மாயா புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பாள். அவர் என்னைத் தேற்ற வருவார், அத்தான். கையில் கோப்பிக் குடுவையோடு, சிரித்த முகத்தோடு வருவார். அன்பானவர்கள் எப்படி அட்டையைக் கழற்றுவார்கள் என்று எனக்குத் தெரியும். நானே ஒருமுறை கழற்றியவன்.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். ஒவ்வொரு துளையையும் என் கையால் கம்பி விட்டுத் திறந்து, ஒவ்வொரு ஆணியையும் பரிசோதகர் பார்த்து முடிக்கும்வரை, யார் கொடி இறக்கினாலும், யார் அழுதாலும், இந்த இரண்டு அட்டையையும் நான் கழற்றமாட்டேன்.

உங்கள் தகட்டை மூடிய,
உங்கள் மச்சான்
நேசன்