பத்திர ஆபீஸில் சொன்ன பெயர்

பெருவிரலில் ஒட்டிய மை இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். செய்யூர் பத்திர ஆபீஸில் நேற்று பட்ட மை. அதைப் பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன், நீ நம்ப மாட்டாய். ஒரு வரி முடிப்பதற்குள் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்துவிடுகிறது. ஆனாலும் வரி முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, மேலிருந்து படித்துப் பார்க்கிறேன். சிரிப்பு வருகிறது.

அழுகைதான் வரவில்லை. நீ கண்ணை மூடிய அன்றும் வரவில்லை. வந்தவர்கள் என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். நான் பந்தலுக்கு நட்ட சவுக்குக் கம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கொல்லையில் வெட்டியவை. விறகு சுமந்து தோள் மரத்துப்போனால் பாரம் இருப்பது தெரியும், வலி தெரியாது. இந்த வருஷங்கள் அப்படித்தான் போயின.

அந்தக் கொல்லை எப்படி வந்தது என்று நம் பிள்ளைக்கே சரியாகத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்க உன்னைப் போட்ட முதல் வாரம், ஊர்த்தெருப் பிள்ளைகள் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தன. காலனிக்காரி ஆக்கியதைத் தொடக்கூடாதென்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"விட்டுட்டு வாமே. இன்னாத்துக்கு அவங்களாண்ட கெஞ்சிகினு?" என்றேன் நான்.

நீ முகத்தில் படிந்த கரியைத் துடைத்தபடி, "நா எங்க கெஞ்சுனேன்? நாளைக்கும் ஆக்குவேன். கவுத்த தட்டு எத்தினி நாளிக்குக் கவுந்தே கெடக்கும்?" என்றாய்.

உன்னை மாற்றச் சொல்லி வந்தவர்களிடம் தலைமையாசிரியர் முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி தட்டை நிமிர்த்தினாள். அன்று முட்டை போட்ட நாள் என்று சொல்லி நீ சிரித்தாய். பிறகு மற்றத் தட்டுகளும் மெல்ல நிமிர்ந்தன. அடுத்தவர் நிலத்தில் குனியாமல் நம் வீட்டுக்கு வந்த முதல் சம்பளம் அது. அதில் மிச்சம் பிடித்துத்தான் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி, யாரும் வேண்டாத அந்த மணல் பூமியை என் பெயரில் வாங்கினாய். சவுக்கு நட்டோம். மழையில் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதெல்லாம், "நம்ப காலத்துக்கப்புறம் இது பள்ளிக்கூடத்துக்குத்தான். புள்ளைங்க குந்தித் துன்ன ஒரு எடம் கட்டட்டும்" என்பாய்.

பள்ளிக்கூடத்திலேயே சாயங்காலத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடந்தது. நீ முன்னால் போய் உட்கார்ந்தாய். நான் வாசலில் பீடியோடு நின்றேன். "உள்ள வாய்யா, எழுத்து இன்னா கடிக்குமா?" என்று கூப்பிட்டாய். வரவில்லை. பஸ் போர்டு படிக்க நீ இருந்தாய், எனக்கு அது போதும். நீ போன பிறகு ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில், எது நம் வண்டி என்று தெரியாமல், யாரையும் கேட்கவும் தோன்றாமல், வருவதையும் போவதையும் பார்த்தபடியே நின்றேன். அதற்கப்புறம்தான் வகுப்பில் சேர்ந்தேன். நீ உட்கார்ந்த இடம் எது என்று கேட்டு, அங்கேயே உட்கார்ந்தேன்.

இப்போது கடற்கரைச் சாலை அகலமாகிவிட்டது. திருவிடந்தைப் பக்கம் எழும்பிய காம்பவுண்டுச் சுவர்கள் நம் பக்கமும் வந்துவிட்டன. நம் மணலைக் கேட்டுக் காரில் ஆள் வருகிறது. பிள்ளை சிங்கப்பெருமாள் கோயில் டவுனில் வாடகைக்கு இருந்துகொண்டு கம்பெனிக்குப் போகிறான். சொந்த வீடு கட்ட அந்த நிலத்தைத்தான் நம்பியிருந்தான். உயில் எழுதப் போகிறேன் என்றதும் ஓடி வந்தான்.

"இன்னா நைனா, பேஜாரு பண்ற? அது கவர்மென்ட்டு பள்ளிக்கூடம். அவங்களுக்கு இல்லாத நெலமா?"

"உங்கம்மா சொன்னது."

"எங்கிட்ட சொல்லலியே."

சோறு போடப் போனேன். தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். எனக்குக் கோபமும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. அந்தத் தட்டை அப்படியே விட்டுவைத்தேன்.

விடிந்ததும் வண்டியை உதைத்து, "ஏறு நைனா. பஸ்ஸுல தொங்கிகினு போயி வுழுந்து வெக்காத" என்றான். மனம் மாறவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவர் படித்துக் காட்ட வாயெடுத்தார். நானே படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். விரலை வைத்து ஓட்டினேன். 'என் காலத்துக்குப் பிறகு, என் மனைவி' என்பது வரை விரல் ஓடியது. அடுத்தது உன் பெயர். கல்யாணம் ஆனதிலிருந்து உன்னை நான் 'இன்னாமே' என்றுதான் கூப்பிட்டேன். நீ என்னை 'யோவ்' என்றாய். உன் பெயரை என் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். சொன்னேன். பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தான்.

மிச்சத்தையும் படித்தேன். 'கவிழ்த்த தட்டுகளை ஊர்ப் பிள்ளைகள் நிமிர்த்தும் வரை சமைத்து, அந்தச் சம்பளத்தில் வாங்கிய நிலம் பள்ளிக்கூடத்துக்குச் சேர வேண்டியது.' இதெல்லாம் உயிலில் எதற்கு என்று எழுதுபவர் கேட்டார்தான். எழுதுங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

என் பெயரைக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு என்னோடு வகுப்பில் படிக்கும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பேனா அவர்கள் கைக்குப் போகுமுன் பிள்ளை வாங்கினான்.

"நகரு அண்ணாத்த. ஒண்ணு நா போடறேன்."

உள்ளே போனதும் என் விரலை மையில் அழுத்தினார்கள். எனக்குக் கையெழுத்து வரும் என்றேன். "கலெக்டரே வந்தாலும் ரேகை வெக்கணும் பெருசு" என்றார் எழுத்தர். வைத்தேன். கோடாலி பிடித்துத் தேய்ந்த விரல், ஒரு கோடும் விழவில்லை. "இன்னா பெருசு, ரேகையெல்லாம் சவுக்குத் தோப்புல வுட்டுட்டியா?" என்று அவர் திரும்பவும் அழுத்தினார். பக்கத்தில் என் கையெழுத்து கோணலாக, ஆனால் தெளிவாக இருந்தது.

பிள்ளை என்னை வண்டியில் ஏற்றித் திரும்பக் கூட்டி வந்தான். வீட்டில் தட்டு கவிழ்ந்தபடியே கிடந்தது. அவனே நிமிர்த்தினான்.

"சோறு கீதா நைனா?"

போட்டேன். காலையில் கிளம்பிப் போய்விட்டான்.

உன் பெயரை இந்த மடலில் எங்கும் எழுதவில்லை. தெரியாமல் இல்லை. அதை முதலில் வாயால் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். உள்ளே எதுவும் அசையவில்லை. நாக்கு மட்டும் அசைகிறது. இப்போதைக்கு எனக்கு அது போதும்.