நிறம் பார்த்து அடுக்கிய கட்டைகள்

என்னங்க,

விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறேன். சாம்பாரைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள். சாவியையும் இந்தக் கடிதத்தையும் கீழ்வீட்டு சவுரியம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் தங்கை பிள்ளைகள் கொட்டிக் கலைத்த பிளாஸ்டிக் விளையாட்டுக் கட்டைகளை எல்லாம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நீங்களே அடுக்கி வைத்திருப்பதைக் காலையில் பார்த்தேன். "வீட்டுக்கு வந்த புள்ளைங்க அழக்கூடாதுன்னுதான் குடுத்தேன், சங்கவி" என்றீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் நிறம் பார்த்துப் பிரித்து வைக்கவில்லையே! இறந்துபோன என் அண்ணன் விளையாடியவை ஒரு டப்பா. தொலைந்தவற்றுக்கு ஈடாக, அவை கடைக்கு வந்த அதே வருஷத்துக் கட்டைகளாகத் தேடி நான் வாங்கியவை இன்னொரு டப்பா. இனி எது அண்ணன் தொட்டது என்று யாராலும் சொல்ல முடியாது.

அம்மா கேட்டால், பத்திரமாக இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

பி.கு.: என்னைத் திரும்பக் கூப்பிட நம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம்.

கட்டிலடியில் ஒரு மஞ்சள் கட்டை கிடந்தது. எந்த டப்பாவில் போடுவதென்று தெரியாமல் கையோடு எடுத்துப் போகிறேன்.