என் மெயிலை நானே பார்த்துக்கொள்வேன்

திருவானைக்காவல்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் இளவேனிலுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். நீ நம்பமாட்டாய் என்பதால் இன்னொரு தரமும் எழுதுகிறேன், நன்றாகவே இருக்கிறேன். ஆக்லாந்துக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் சளி பிடிக்காமல் இருக்க ஜம்புகேஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டுதல் முடிந்தது, இனி சண்டை.

லிசி என்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நான் மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேனே, அந்தச் சென்னைப் பதிப்பகத்து லிசிதான். நீ அவளுக்குப் போன் போட்டு, "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, மெயில் திறக்கவே தடுமாறுறாங்க, இனிமே வேலை அனுப்பாதீங்க" என்றாயாமே. பாவம், அவள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். அனுப்புகிற மெயிலெல்லாம் அவளுக்கே திரும்பி வருகிறதாம், "அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கங்கள் வரலைன்னா வேற ஆள்கிட்ட கொடுக்கச் சொல்றாங்க டீச்சர்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. வேலையை விடுவதா வேண்டாமா என்று நான் சொல்ல வேண்டும், நீ இல்லை.

தடுமாறினேன் என்பது உண்மை. அதற்காகத் தோற்றுவிட்டேன் என்று அர்த்தமா? முதலில் மெயில் திறக்கவே இல்லை. நான் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று நீ முடிவு கட்டினாய். தில்லை நகர் கம்ப்யூட்டர் கடையிலிருந்து வந்து பார்த்தவரோ, "எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான்மா சரியாகும்" என்றார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரை முழுக்க மெய்ப்புப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். மூலையில் தேதி தப்பு! கரண்ட் போய் வந்ததில் கம்ப்யூட்டர் நீ கல்லூரியில் படித்த வருஷத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. தேதி தப்பென்றால் மெயில் நம்மை நம்பாதாம், உள்ளே விடாது. நானே மாற்றினேன், நானே உள்ளே போனேன்.

உள்ளே போனால் லிசி இப்போது அனுப்பிய மெயில் ஒன்றுகூட இல்லை. மேலே ஒரு சிவப்பு வரி, இடம் நிறைந்துவிட்டது என்று. நிறையப் போகிறது, நிறையப் போகிறது என்று அது மாதக்கணக்காகவே சொல்லிக்கொண்டிருந்தது. தெரியாத எதையும் தொடாதே, எல்லாம் ஏமாற்று வேலை என்று என்னைப் பயமுறுத்தி வைத்தது நீதானே, அதனால் விளம்பரம் என்று விட்டுவிட்டேன். ஆகவே பழியில் பாதி உனக்கு. மீதி உன் மகாலட்சுமி அத்தைக்கு. ஸ்ரீரங்கத்தில் பெருமாள் புறப்பாடு ஒன்று விடாமல் அந்தப் பெரிய கேமராவில் எடுத்து, வாட்ஸ்அப்பில் போட்டால் திருமுகம் மங்குகிறது என்று எனக்கு மெயிலில் அனுப்புகிறாள் அல்லவா. தேர், தெப்பம், கருட சேவை என்று வருஷக்கணக்காக வந்தது, ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. அழிக்கிற இடத்தில் குப்பைத்தொட்டிப் படம் போட்டிருக்கிறான், பெருமாளை அதில் போட யாருக்குக் கை வரும்? அவர் பெட்டி முழுக்க உட்கார்ந்துகொண்டு லிசியை வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னேன். "பெருமாளைக் குப்பையில போடப் போறீங்களா அண்ணி, நல்லாவா இருக்கு" என்று வைத்துவிட்டாள். நான் அசரவில்லை. பழைய சாமி படத்தை மரியாதையாகக் காவிரியில் விடுவதில்லையா, இதற்கும் ஒரு மரியாதை செய்தால் போயிற்று. படங்களையெல்லாம் பென்டிரைவில் ஏற்றி, அதைப் பூஜை அலமாரியில் வைத்துச் சூடம் காட்டிவிட்டு, மெயிலில் இருந்ததை அழித்தேன். அப்படியும் சிவப்பு வரி போகவில்லை. மறுநாள் காய் நறுக்கும்போதுதான் உறைத்தது, குப்பையைக் கூடையில் போட்டால் மட்டும் போதுமா, கூடையைக் காலி செய்ய வேண்டாமா? கன்னத்தில் போட்டுக்கொண்டு அதையும் காலி செய்தேன். வரி போய்விட்டது. லிசியை மறுபடி அனுப்பச் சொன்னேன், பக்கங்கள் வந்து இறங்கின. குழந்தைகளுக்கான பறவைப் புத்தகம், மீன்கொத்திப் படத்துக்குக் கீழே மரங்கொத்தி என்று போட்டு வைத்திருந்தார்கள். நேற்றே திருத்தி அனுப்பிவிட்டேன். அத்தையும் சமாதானமாகிவிட்டாள். இனி ஒரு புறப்பாட்டுக்கு ஒரே படம் என்று பேச்சு, எதை அனுப்புவது என்று கேட்டுத்தான் இப்போது என் உயிரை எடுக்கிறாள்.

பாஸ்வேர்டைக் கொடும்மா, நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாயே, தரமாட்டேன். அங்கே எனக்கு அறை தயாராக இருக்கிறது என்கிறாய். வருவேன், பேத்தியைக் கொஞ்சிவிட்டுத் திரும்பி வருவேன். நீ பாசத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியாதா. ஆனால் ஒன்று கேள் இளா. உன் அப்பா போன பிறகு பார்க்கிறவர்கள் எல்லாரும் சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்றுதான் என்னைக் கேட்கிறார்கள். நீயும் அதைத்தான் கேட்கிறாய். டீச்சர், இது சரியா என்று கேட்க லிசி ஒருத்திதான் இருக்கிறாள். அதையும் நீ நிறுத்தப் பார்த்தாய். எனக்கு ரொம்ப வலித்தது.

மாப்பிள்ளைக்கு மணப்பாறை முறுக்கு அனுப்பியிருக்கிறேன், வந்ததும் டப்பாவில் போட்டு வை, நமுத்துவிடும். குட்டியைக் காலில் சாக்ஸ் இல்லாமல் தரையில் விடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, லிசிக்கு நீயே போன் போட்டு, அம்மாவுக்கு வேலை அனுப்புங்கள் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னாயா என்று அவளிடம் கேட்பேன்.

உன்னைப் பெற்றவள்,
சந்திரம்மாள்,
மெய்ப்புத் திருத்துநர்.