உங்கள் வேண்டுதல், என் தலைமுடி

அம்பாங்கான், சிரம்பான்
6.5.2024

ரோகினி அப்பாவுக்கு,

இங்கு நான் பாதி நலம். இடது பாதி. வலது பாதியின் நலத்தை அடுத்த வாரம் டாக்டரம்மாவைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். நீங்கள் முழுதாகவே நலமாய் இருப்பீர்கள் என்பது தெரிந்ததுதான். அதைக் கேட்டு மையை வீணாக்கவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். கைக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறாள். “ஏபிசி எழுதினாலும் போதும்லா ஆன்ட்டி” என்றாள். பக்கவாதம் கைக்குத்தான் வந்தது, புத்திக்கு வரவில்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. நல்ல பெண். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரை படித்த தமிழ் சும்மாதானே கிடக்கிறது, அதை எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிரிந்திருந்தால்தானே எழுதுவதற்கு?

போனில் பேசலாம்தான். ஆனால் ரோகினி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள். மருமகன் புனிதன் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிடித்துக்கொள்கிறார், பக்கம் மட்டும் திரும்புவதில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆக, இந்த வீட்டில் ரகசியம் பேசப் பத்திரமான இடம் காகிதம்தான்.

குறை ஒன்றும் இல்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, நடக்க நாலு கால் ஸ்டாண்டு, காலையில் ஓட்ஸ். ஓட்ஸ் என்பது கஞ்சிக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. உப்பு கேட்டால் ரோகினி திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாள்.

கஷ்டமெல்லாம் முடிதான். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. ரோகினி ரப்பர் பேண்டைப் போட்டு உச்சியில் கட்டிவிடுகிறாள். கண்ணாடியில் பார்த்தால் அங்கே ஒரு அன்னாசிப் பழம் உட்கார்ந்திருக்கிறது. “வெட்டிக்கம்மா, ஈசியா இருக்கும்” என்கிறாள். இடுப்பைத் தாண்டும் முடியை வெட்டிவிட்டு நான் யாராக இருப்பது? உயிர் போய்த் திரும்பி வந்ததே இதைப் பின்னத்தான் என்று சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை ஓடி ஓடி வந்தீர்கள். நான் இங்கே வந்த பிறகு ஒரு தரம்கூட எட்டிப் பார்க்கவில்லை. தம்பினிலிருந்து சிரம்பான் என்ன சீமையா? ரோகினியோ நான் இனிமேல் இங்கேயே இருந்துவிட வேண்டும் என்கிறாள். தோட்டத்தில் திடீரென்று விழுந்தால் யார் பார்ப்பது என்கிறாள். எனக்கு நம் வீட்டுக்கு வர வேண்டும். உங்களுக்கு நான் வர வேண்டுமா இல்லையா, அதை மட்டும் எழுதுங்கள்.

முத்தாயி

எழுத்துகள் பசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டம்போல் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இடித்துக்கொண்டே படியுங்கள்.


தோட்டத்து வீடு, தம்பின்
11.5.2024

முத்தாயிக்கு,

உன் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, கணக்கு எழுதும் கிராணி அதை எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்து, “வீரமுத்தண்ணே, லவ் லெட்டர்” என்று கத்தி, அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. வழுக்கை விழுந்த பிறகு எனக்கு இப்படி ஒரு பேர். உனக்குப் புண்ணியம்.

நான் முழுதாய் நலம் என்று எழுதியிருக்கிறாய். நேற்று குழம்பு வைத்தேன். பூனை வந்து முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தது. அந்தப் பார்வையை உன்னிடம்தான் கற்றிருக்கிறது. பக்கத்து வீட்டு வள்ளிநாயகி பாவம் பார்த்து ஏதாவது கொண்டுவந்து தருகிறாள். தந்துவிட்டு நம் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நான் துவைத்துப் போட்ட வேட்டி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். மறுநாள் தோட்டம் முழுக்க என் வேட்டியின் நிறம்தான் பேச்சு.

போர்டிக்சனுக்கு மகன் வீட்டோடு போய்விட்ட பழைய மண்டோர் கணேசமூர்த்தி வந்திருந்தார். ஜன்னலைத் திறந்தால் கடலாம். “கடல எவ்வளவு நேரம்டா பாக்குறது, அதுவும் சும்மாதான் இருக்கு, நானும் சும்மாதான் இருக்கேன்” என்றார். நம் வாசலில் உட்கார்ந்து செம்பனை மரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். அவர் மிரட்டி வேலை வாங்கிய, ரப்பர் பால் வடிந்த கித்தா மரக் காடு அவர் கண்ணுக்கு மட்டும் இன்னும் தெரிகிறது என்று நினைக்கிறேன்.

எனக்கும் அப்படித்தான். ஆள் எண்ணும் பெரட்டு நேரத்துக்கு இப்போதும் விழிப்பு வந்துவிடுகிறது. நீ கண்ணாடி இல்லாமல் இருட்டிலேயே பின்னி முடித்து, மேலே துண்டைக் கட்டி, நெற்றி விளக்கோடு நிற்பாய். நான் சைக்கிள் சாவியைத் தேடுவேன். “கண்ணு முன்னாலதான் கிடக்கு” என்பாய். இப்போது எந்தச் சாமானும் என் கண் முன்னால் கிடப்பதில்லை.

ஏன் வரவில்லை என்று கேட்டாய். மோட்டார் சைக்கிள் சரியில்லை. ஆடு குட்டி போடும்போல் இருக்கிறது. ஆடித் திருவிழா வருவதால் கோயிலிலும் வேலை.

நீ வர வேண்டுமா என்று என்னைக் கேட்கலாமா? வா. ஆனால் அவசரம் இல்லை. உடம்பு தேறட்டும். முடியை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள். ரோகினி கத்தரிக்கோலை எடுத்தால் கையைப் பிடித்துக்கொள். அது ரொம்ப முக்கியம்.

அன்புடன் (இப்படித்தான் போட வேண்டும் என்று கிராணி சொன்னான்),
வீரமுத்து


அம்பாங்கான்
20.5.2024

ரோகினி அப்பாவுக்கு,

நம் வீட்டில் இருப்பது ஒரே ஆடு. அதுவும் கிடா. அது குட்டி போட்டால் எனக்கும் எழுதுங்கள், பார்க்க வருகிறேன்.

வள்ளிநாயகி நேற்று போன் செய்தாள்.

“எப்பக்கா வாறீங்க? பந்தக்காரன் தேதி கேக்குறான்லா.”

“எதுக்குடி பந்தல்?”

“என்னக்கா தெரியாத மாதிரி கேக்குறீங்க. உங்க மொட்டைக்குத்தான்.”

எல்லாம் ஸ்பீக்கரில். புனிதன் செய்தித்தாளை மடித்தே வைத்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது நீங்கள் மாரியம்மன் முன்னால் நின்று, ஊரே கேட்க, நான் பிழைத்து வந்தால் என் முடியைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டீர்களாம். வேண்டுதல் உங்களுடையது, தலை என்னுடையது. காவடி எடுத்திருக்கலாம். தீ மிதித்திருக்கலாம். சிகரெட்டை விட்டிருக்கலாம், அம்மனோடு சேர்ந்து நானும் சந்தோஷப்பட்டிருப்பேன். உங்கள் தலையில்தான் ஒன்றும் இல்லை. மீசையாவது இருந்ததே.

கல்யாணமான புதிதில் பால் வாளி சரிந்து என் முடி முழுக்கக் கித்தாப் பால் கொட்டி இறுகிப்போனது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் அம்மா கத்தரிக்கோலோடு வந்தார்கள். “ஒட்ட வெட்டிருவோம், மயிருதானே” என்றார்கள். நீங்கள் அதைப் பிடுங்கிக் கூரைமேல் எறிந்துவிட்டு, தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் உட்கார்ந்தீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இழை இழையாக எடுத்தீர்கள். லயத்து வரிசை வீட்டுப் பெண்களெல்லாம் ஏதோ வேலை இருப்பதுபோல் நம் வாசல் வழியாகவே நடந்தார்கள். அந்த ஆள்தானே நீங்கள்? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

வீட்டுக்கு வர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தேன். வந்தால் கோயில் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். மொட்டை அடித்துக்கொள்ள நான் வர மாட்டேன். பந்தல்காரனிடமும் அம்மனிடமும் சொல்லிவிடுங்கள். ரோகினி சந்தோஷமாக எனக்கென்று ஒரு அலமாரி வாங்கக் கிளம்பிவிட்டாள்.

முத்தாயி


தோட்டத்து வீடு
28.5.2024

முத்தாயிக்கு,

இந்தக் கடிதத்தைக் கிராணி தூக்கிக் காட்டவில்லை. உறையைத் திறந்த என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதப் போய்விட்டான்.

ஆடு விஷயத்தில் தோற்றுப்போனேன். மற்றதை உன் எதிரில் நின்று சொல்ல முகமில்லாமல்தான் வராமல் இருந்தேன்.

அன்றைக்கு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்கிள், சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிடுங்க” என்றார். நான் யாருக்கும் சொல்லவில்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே நம் கோயிலுக்கு வந்தேன். சாயங்காலப் பூசை முடிந்து பூசாரி சன்னாசி திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மன் முன்னால் போய் நின்றேன். எதைத் தருகிறேன் என்று சொல்வது? காவடி என்றால் இந்த முட்டியோடு பாதி வழியில் விழுந்துவிடுவேன், அவளுக்கும் அவமானம். மீசையைத்தான் முதலில் நினைத்தேன். மீசையை எடுத்துக்கொண்டு என் பெண்டாட்டி உயிரைக் கொடு என்று கேட்டால் அவளுக்கே சிரிப்பு வந்துவிடும், முத்தாயி. நம் வீட்டை மனசுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். பழைய மோட்டார், பழைய டிவி, கிடா, நான். சாமி கை நீட்டி வாங்கிக்கொள்ளும்படி நம் வீட்டில் இருந்தது உன் கூந்தல் ஒன்றுதான்.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பின்னால் அத்தனை பேர் நின்றதை அப்புறம்தான் பார்த்தேன். மறுநாள் நீ கண் விழித்தாய்.

மருந்தால்தான் என்பார்கள். இருக்கலாம். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. தருகிறேன் என்று வாங்கிவிட்டுத் தராமல் போனால், அவள் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று. உன்னைக் கோபப்படுத்துவது எனக்குப் பழக்கம். அவளைக் கோபப்படுத்தத் துணிவில்லை.

வீரமுத்து


அம்பாங்கான்
4.6.2024

ரோகினி அப்பாவுக்கு,

கோபத்தோடு படித்ததில் பாதி புரியவில்லை. கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன்.

எல்லாம் சரி. என்னை மட்டும் நீங்கள் கேட்கவில்லை. போகட்டும், அம்மனையாவது ஒழுங்காகக் கேளுங்கள். சன்னாசியிடம் சொல்லிப் பூக்கட்டிப் பாருங்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்பு அரளி, இன்னொன்றில் வெள்ளை நந்தியாவட்டை. அவள் காலடியில் வைத்து, வள்ளிநாயகியின் பேத்தியை எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு வந்தால் அம்மனுக்கு முடி வேண்டும். வெள்ளை வந்தால் விட்டுக்கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் நான் என்ன செய்வேன் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். எது வந்தாலும் உள்ளபடி எழுதுங்கள்.

நேற்று ஸ்டாண்டு இல்லாமல் அறையிலிருந்து ஹால் வரை நடந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம்.

முத்தாயி


தோட்டத்து வீடு
12.6.2024

அன்புள்ள முத்தாயிக்கு,

நீ எழுதியபடி வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளைப் பூ வந்தது. அம்மன் மனமிரங்கிவிட்டாள். பந்தல் வேண்டாம் என்று சொல்லியாயிற்று. உன் முடி உன் தலையிலேயே இருக்கலாம்.

நீ விரும்பும் வரை அம்பாங்கானில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொள். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது நல்லது. தலை சுற்றினால், நாக்குக் குழறினால், கை மரத்தால் உடனே ரோகினியிடம் சொல். மாத்திரையை மறந்துவிடாதே. தனியாகக் குளிக்கப் போகாதே. கதவைத் தாழ் போடாதே. உப்பு கேட்காதே.

இங்கு எல்லோரும் நலம். கிடாவும் நலம்.

அன்புடன்,
வீரமுத்து


அம்பாங்கான்
19.6.2024

ரோகினி அப்பாவுக்கு,

வெள்ளை வந்ததாக எழுதியிருந்தீர்கள். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை. உண்மையை எழுதும்போது நீங்கள் அப்படி எழுதுகிறவர் இல்லை.

ஸ்பீக்கரை அணைக்கக் கற்றுக்கொண்டேன். அறைக்குள் போய் உட்கார்ந்து வள்ளிநாயகியைக் கூப்பிட்டேன். முதலில் வெள்ளை என்றுதான் அவளும் சொன்னாள். அவள் மகள் கல்யாணத்தில் நடந்த ஒரு விஷயத்தை அவள் மருமகனிடம் சொல்லிவிடுவேன் என்றேன். உடனே பூ நிறம் மாறிவிட்டது.

சிவப்பு வந்ததாம். பிள்ளைக்குக் கை கழுவிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னீர்களாம். மறுபடியும் சிவப்பாம். பொட்டலத்தை இடம் மாற்றி வைக்கப் போனபோது சன்னாசி பிடித்துக்கொண்டாராம். “அம்மன் என்ன நாலு நம்பர் லாட்டரிக் கடையா வச்சிருக்கா, உனக்கு வர்ற வரைக்கும் எடுக்க?” என்று ஏசினாராம். நீங்கள் வீட்டுக்கு வந்து எனக்கு வெள்ளை என்று எழுதிவிட்டீர்கள். அதிலிருந்து அடுப்பு எரியவில்லையாம். கோயில் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறீர்களாம். சிரம்பானிலிருந்து போன் வந்தால் எடுக்கப் பயந்துகொண்டு வள்ளிநாயகியிடம் நீட்டுகிறீர்களாம்.

அவளைத் திட்டாதீர்கள். பாவம், மிரட்டித்தான் கேட்டேன்.

அம்மனைக் கோபப்படுத்தத் துணிவில்லை என்று எழுதியவர் நீங்கள். அதே கையால் அவள் சொன்னதை மாற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பேத்தி வந்து, “பாட்டி, நோவுதா?” என்று கேட்டாள்.

சரி, இப்படி வைத்துக்கொள்வோம். வெள்ளை என்று நீங்கள் எழுதியாயிற்று, உங்கள் வேண்டுதல் அதோடு முடிந்தது. இனிமேல் இது என் தலை, என் இஷ்டம். நானே வந்து தருகிறேன். இப்போது என்னை நானே கேட்டுக்கொண்டுதான் தருகிறேன், கேட்காமல் யாரும் எடுக்கவில்லை.

ரோகினி அழுதாள். “அப்பாவுக்காகவாம்மா?” என்றாள். எனக்காகத்தான் என்றேன். நான் தும்மினாலும் ஒருவர் வெளுத்துப்போய் நிற்கிற வீட்டில் என்னால் குடித்தனம் பண்ண முடியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் வந்து அழைத்துப் போங்கள். மோட்டார் வேண்டாம், ஏறி உட்காரக் கால் இன்னும் வரவில்லை. யாரிடமாவது கார் கேளுங்கள். புனிதன் கொண்டுவந்து விடுகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள்தான் வர வேண்டும். பந்தலைப் பார்த்தால் அதே காரில் திரும்பிவிடுவேன். சன்னாசி, முடி எடுப்பவர், நீங்கள், நான். வேறு யாரும் வேண்டாம். முடி எடுக்கும்போது பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பாருங்கள்.

முடி வளர்ந்துவிடும். இன்னொரு மனிதரை முதலிலிருந்து பழக்கி எடுக்க எனக்கு வயதில்லை.

முத்தாயி