அன்று மழையில் நீ என்ன கேட்டாய், அம்மா?

என் செல்லக் கோபக்கார அம்மாவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீ இருந்தபோது எழுதியதே இல்லை. வீடியோ காலில், "சாப்டியா? இங்க நெட் சரியில்ல, வைக்கிறேன்" என்பதோடு நம் பேச்சு முடிந்துவிடும். உனக்கு எப்போதும் அவசரம், எனக்கு எப்போதும் அலுப்பு. இப்போது பேச நிறைய இருக்கிறது, எந்த நம்பருக்குப் போடுவது?

முதலில் வீட்டுச் செய்தி. சம்பா கதிர் வாங்கி நிற்கிறது. இந்த வருஷம் எலித் தொல்லை கொஞ்சம் குறைவு. நீ வைத்துவிட்டுப் போன செம்பருத்தி காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பூஜைக்கு அதைத்தான் பறிக்கிறார்கள், நானும் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, நீ இல்லையே என்பதைத் தவிர.

திருவிடைமருதூர்ப் பக்கம் பாதி வீடுகளில் அப்பா துபாயில் இருப்பார், அம்மா வீட்டில் இருப்பாள். நம் வீட்டில் மட்டும் தலைகீழ். அப்பா வயலைப் பார்த்துக்கொண்டார், நீ மாலத்தீவில் ஒரு துக்கடாத் தீவுப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு டீச்சராகப் போனாய். எனக்குத் தலை பின்னிவிட்டதும் அப்பாதான், கோணல் வகிடோடு. "பெரிய கோயில் கட்டின ராஜா கப்பல் கப்பலா ஆளக் கொண்டுபோய் அந்தத் தீவையெல்லாம் பிடிச்சாராம். நான் ஒரு சாக்பீஸை வச்சே பிடிச்சுட்டேன் பாரு" என்று சொல்லிச் சிரிப்பாய். லீவுக்கு வந்தால் பெட்டி முழுக்க மாசிக் கருவாட்டு வாசனை. நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அதற்கும் சிரிப்பாய்.

கடைசி லீவுக்கு வந்தபோது சிரிக்கவில்லை. வந்த வாரமே அடுப்படியில் விழுந்தாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். விழுங்க முடியாது, புரையேறிவிடும், வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்றார்கள். உன் உதடு வெடித்துக் கிடந்தது. நான் ஈரப் பஞ்சால் தொட்டுத் தொட்டு எடுத்தேன்.

அப்புறம் நீ பேச ஆரம்பித்தாய். நாங்கள் சந்தோஷப்படுவதற்குள் அது தமிழ் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்தத் தீவின் பாஷை. இத்தனை வருஷத்தில் அதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நீ சொல்லிக் கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் பெரிய மழை பிடித்தது. அறுத்த குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவியலாகக் கிடந்தது. தார்ப்பாய் பற்றவில்லை, நெல் நனைகிறது என்று அப்பாவுக்குப் போன் மேல் போன். அவர் உன் கட்டிலை விட்டு நகரவில்லை. நீ திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். ஜன்னல் பக்கம் கையை நீட்டி, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். அதட்டலா, கெஞ்சலா என்று தெரியவில்லை. டாக்டர் யாராவது புரிந்து சொல்வார் என்று நான் போனில் பதிவு செய்தேன். அப்பா உன் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். நர்ஸ் வந்து தூங்க ஊசி போட்டார். அதற்கப்புறம் நீ எந்தப் பாஷையிலும் பேசவில்லை.

காரியமெல்லாம் முடிந்தது. அப்பாவுக்கு மட்டும் முடியவில்லை. தட்டில் போட்டதில் பாதியைப் பிசைந்து நாய்க்கு வைத்துவிடுவார். சொம்பை எடுப்பார், ஒரு வாய் குடிப்பார், வைத்துவிடுவார். ஒருநாள் நான் சத்தம் போட்ட பிறகுதான் சொன்னார்.

"உங்கம்மா அன்னிக்குத் தண்ணிதான் கேட்டிருப்பா, பாப்பா. கைய நீட்டி நீட்டிக் கேட்டா. நான் அமுக்கிப் படுக்க வச்சுட்டேன்."

"டாக்டர்தானப்பா கொடுக்கக் கூடாதுன்னு சொன்னாரு?"

"அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா?"

உன் அறையைக் காலி செய்ய ஒரு ஆள் வர வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். அப்பா என்னைப் போகச் சொன்னார். பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டுவிடலாமே என்றதற்கு, "அவ குரல அப்படியெல்லாம் தூக்கி அனுப்பாத. நேர்ல போய்க் கேட்டுட்டு வா" என்றார்.

திருவனந்தபுரம் போய் விமானம் ஏறி, இறங்கி, படகு ஏறிப் போனேன். மேலேயிருந்து பார்த்தால் வழிநெடுக ஊதாக் கடலில் பச்சைப் பொட்டு பொட்டாகத் தீவுகள். உன் தீவில் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரைக்குக் கேட்கும்போல. ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை, மேடு என்று ஒன்றும் இல்லை. பவளக்கல் சுவர், வெள்ளை மணல் தெரு, விடிந்ததும் பெண்கள் கூட்டமாக வந்து தெருவைப் பெருக்குகிறார்கள். வாசலில் கயிற்று வலை பின்னிய நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது. சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி வெள்ளைச் சட்டையோடு பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே கடலில் குதிக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்து நீ எங்களிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை? இல்லை, சொன்னாயா, நான்தான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேனா?

நீ குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஹவ்வா வாசலிலேயே நின்றிருந்தார். "வா பாப்பா. சாப்டியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரல் அவருடையது, இழுவை உன்னுடையது. உன்னிடம் கற்றுக்கொண்ட தஞ்சாவூர்த் தமிழை உன்னைப் போலவே பேசுகிறார். அரிசிச் சோறும் சூரை மீன் சாறும் போட்டார், ஈரப்பலா வறுவல் வைத்தார். நான் மூக்கைப் பிடிக்காமல் சாப்பிட்டேன்.

பிறகு போனை எடுத்துப் போட்டுக் காட்டினேன். உன் குரலைக் கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் தடவையும் கேட்டார்.

"அப்பாவக் கூப்பிடுறாங்க. உன்னயும் கூப்பிடுறாங்க. ரெண்டு பேரும் பக்கத்துல இருங்கன்னு சொல்றாங்க" என்றார்.

அன்று ராத்திரி உன் கட்டிலில் படுத்து நிம்மதியாகத் தூங்கினேன், அம்மா. உண்மையாகச் சொல்கிறேன், அதற்குமுன் அப்படித் தூங்கிப் பல நாளாயிற்று.

மறுநாள் மத்தியானம் உன் புடவைகளை மடித்துக்கொண்டிருந்தேன். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சடசடவென்று மழை. ஹவ்வா அடுப்படியிலிருந்து முற்றத்துக்கு ஓடினார். கூரையிலிருந்து இறங்கும் குழாய்ப் பக்கம் கையை நீட்டி, வீட்டில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். அதே வாக்கியம். நான் நூறு தடவை போட்டுக் கேட்ட அதே வார்த்தைகள், அதே அவசரம், முடிவில் அதே ஏற்றம்.

அந்தத் தீவில் குடிக்கிற தண்ணீர் கூரையில் விழுகிற மழைதான். கிணற்றில் உப்பு. மழை பிடித்ததும் முதல் தண்ணீரைக் கூரைத் தூசி போக வெளியே விட வேண்டும். அப்புறம் ஓடிப்போய்க் குழாயைத் தொட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். மறந்தால் அத்தனையும் மணலில் போய்விடும். நீ ஆஸ்பத்திரியில் கத்தியது அதைத்தான். மழை வந்துடுச்சு, குழாயைத் திருப்புங்க.

ஹவ்வா சட்டென்று நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். உயிர் போகிற நேரத்தில் பெற்ற பெண்ணைக் கேட்காமல், யார் வீட்டுத் தொட்டிக்கோ கவலைப்பட்டாயே என்று ஆத்திரமாக வந்தது. அழுதுகொண்டே முற்றத்தில் இறங்கினேன். அந்தக் குழாய் இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினேன். தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. முழுக்க நனைந்தபடி அங்கேயே நின்றேன். யார் வீட்டுத் தொட்டியோ இல்லை, நீயும் அதைத்தானே குடித்தாய்?

ஹவ்வா சொன்னதையே அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். கேட்க அதுதான் நன்றாக இருந்தது. ஆனால் வீட்டு வாசலில் அவர் நின்றிருந்த நிலையைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"மழை வந்துடுச்சு, குழாயத் திருப்புங்கன்னு சொல்லிருக்காப்பா. அங்க மழை பேஞ்சா அப்படித்தான் கத்துவாங்களாம். அவ்ளோதான்."

அப்பா என் கைப்பையை வாங்கிக்கொண்டார்.

"வலிக்குதுன்னு சொல்லலையா?"

"இல்லப்பா."

"தண்ணி?"

"கேக்கலப்பா. அவ நெனப்புல அவ அந்த வீட்டு வாசல்ல நின்னுருக்கா. வேலையா இருந்திருக்கா."

"வேலையாவா இருந்தா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு உள்ளே போய், சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். சட்டையெல்லாம் நனைந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து, நீ போனதிலிருந்து அழாத அழுகையை அழுதார். நான் தடுக்கவில்லை.

இப்போது இரண்டு வேளையாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறார். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹவ்வாவுக்குப் போன் போடுகிறேன். தொழுகை முடிந்து ஆற அமர அவர் பேசுகிற நேரம் அது. மழை, மீன், படகு, உப்பு என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். என் உச்சரிப்புக்கு அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அந்தப் பாஷையை முழுசாகக் கற்றுக்கொண்டுவிடுவேன், அம்மா, இது சத்தியம். என் கனவில் வந்து நீ எதில் பேசினாலும், இந்தத் தடவை உன்னைப் பிடித்துப் படுக்க வைக்க விடமாட்டேன். "இதோ, திருப்பிட்டேம்மா" என்று பதில் சொல்வேன்.

உன் குழாயைத் திருப்பிய,
கோணல் வகிட்டு மகள்,
பாப்பா