கொள்ளுத் தண்ணீரும் எச்சிலும்

1964 நவம்பர் 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். காலேஜுக்குப் பாடம் எடுக்க நனைந்தே போனேன்.

நேற்று ஊறவைத்த கொள்ளை அரைத்து, உப்புத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஒரு பாட்டில். ஆத்தா: "தொவையலுக்குன்னுல்ல நெனச்சேன்!"

லேபில் என் ரத்தம் ஒரு சொட்டு (ஏ குரூப்), கொள்ளுத் தண்ணீர் ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் பொடிப்பொடியாகத் திரண்டது. அட்டெண்டர் மாரிமுத்து ஓ குரூப். அவர் ரத்தம் அப்படியே கிடந்தது. படித்தது சரிதான். ஏ ஆட்களின் ரத்த செல் மேலே உள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் ஒரு சர்க்கரை கூடுதல். கொள்ளு அதைத்தான் பிடிக்கிறது. ஓ ஆட்களுக்கு அது இல்லை.

ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். கந்தர்வக்கோட்டை ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார் (இனி க.வா.), அவர் அம்மா. மெட்ராஸ் ஆராய்ச்சிப் படிப்பு விண்ணப்பம் இன்னும் என் பையில்தான். வீட்டில் சொல்லவில்லை.

நவ. 11, புதன்

மழை. பி.எஸ்ஸி. பிள்ளைகளிடம் எச்சில் வாங்கினேன். எச்சிலில் வரும் புரதத்திலும் செல்கள் அதே சர்க்கரையை ஒட்டி அனுப்புகின்றன. அவர்களில் ரோஸ்லினும் என்னைப் போல ஏ. அவள் எச்சிலைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, கொள்ளுத் தண்ணீரில் கலந்தேன். அப்புறம் என் ரத்தம். திரளவே இல்லை! எச்சிலில் இருந்த சர்க்கரை கொள்ளை முந்திப் பிடித்துக்கொண்டது.

என் எச்சிலில் செய்தால் மட்டும் திரள்கிறது. திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. ரத்தத்தில் ஒட்டத் தெரிந்த உடம்பு எச்சிலில் ஒட்டவில்லை. சிலருக்கு அப்படித்தானாம். என்னவோ சந்தோஷம்.

அண்ணன் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக: "டீச்சரம்மா எல்லாரையும் துப்பச் சொல்றாகளாம். பஜாரே சிரிக்குது. ஞாயித்துக்கெழம வரைக்குமாவது சும்மா இரு."

சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் நன்றாக இருந்தது.

நவ. 15, ஞாயிறு

வெயில், அதிசயமாக. நீலப் புடவை.

க.வா.வின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு: "எச்சியை வச்சுச் சோதன பண்ற பொண்ணு நீதானா தாயி?"

அண்ணன் சுவரைப் பார்த்தான். "ஆமாங்க" என்றேன். கொள்ளு, சர்க்கரை, என் எச்சில், எல்லாம் சொன்னேன்.

க.வா. குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று, "அந்தக் கடைசிச் சர்க்கரையைக் கொண்டுபோய் ஒட்டுறது எதுங்க?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. "செல்லுக்குள்ள ஒரு என்சைம் இருக்கணும்ங்க. எதுன்னு இன்னும் தேடுறாங்க. நான் மெட்ராஸ்ல ரெண்டு வருஷம் அதத்தான் படிக்கப் போறேன்."

மெட்ராஸைச் சொல்வதாகவே இல்லை. வாயில் வந்துவிட்டது. ஆத்தா கையில் தட்டு அப்படியே நின்றது.

"அப்ப கல்யாணம்?" அவர் அம்மா.

"படிச்சிட்டு வந்துதாங்க."

தெருவில் ஐஸ் வண்டி மணி. அப்புறம் க.வா.தான்: "ரெண்டு வருஷம்தான? போய்ட்டு வாங்க. நான் எங்கிட்டும் போயிற மாட்டேன்."

அவர் அம்மா மகனையே பார்த்தார். பிறகு என்னிடம், "ஒரு டம்ளர் கொண்டா. எனக்கும் பாரு." கொல்லைக்குப் போய்த் துப்பிக்கொண்டு வந்து நீட்டினார். அண்ணனே சிரித்துவிட்டான்.

நவ. 17, செவ்வாய்

மறுபடி மழை. ஆத்தா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் மெட்ராஸில் குளிருமா என்று அண்ணனிடம் கேட்டாளாம்.

மத்தியானம் தபாலாபீஸ். இரண்டு கவர். மெட்ராஸுக்கு விண்ணப்பம். க.வா.வுக்கு நாலு வரி, சம்மதம் என்று. பெட்டியில் போட்ட பிறகுதான் சந்தேகம், எதை எந்தக் கவரில் வைத்தேன்? சரியாகத்தான் வைத்திருப்பேன்.